கடினம் என்றொரு மதிப்பீடு

1

சென்ற இதழில் நண்பர் ஒருவர் 'சோல்ஸ்' வரிசை வீடியோ விளையாட்டுகளைப் பற்றி மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தார். இலக்கியப் பத்திரிகையில் வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்டுச் சில கடிதங்கள் வந்ததாக ஆசிரியர் சொன்னார். அந்தக் கடிதங்களுக்கு நான் பதில் எழுத வரவில்லை. சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இதே கேள்வி இதே தோரணையில் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் பிறகு சத்தமில்லாமல் ஃபிலிம் சொசைட்டிகளில் சந்தா கட்டினார்கள். என் சண்டை நண்பரோடு. இந்த விளையாட்டுகளைக் கலை என்று ஒப்புக்கொள்ளும் தைரியம் அவருக்கு இருக்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு அவற்றை அளக்க அவர் கையில் எடுத்த கோல்தான் எனக்குப் பிரச்னை.

அவருடைய வரிசை இது: முதலிடம் செகிரோவுக்கு. பிறகு ப்ளட்போர்ன், மூன்றாவது டார்க் சோல்ஸ், எல்டன் ரிங். முதல் டார்க் சோல்ஸுக்குச் 'சரித்திர முக்கியத்துவம்' என்ற ஓய்வூதியம் வழங்கப்பட்டிருக்கிறது. டீமன்ஸ் சோல்ஸ் அதற்கும் கீழே. கடைசியில், தீண்டத்தகாத தூரத்தில், இரண்டாவது டார்க் சோல்ஸ். இந்த வரிசைக்கு அவர் தரும் நியாயங்களை எல்லாம் பிழிந்து பார்த்தால் எஞ்சுவது ஒன்றுதான். எது ஆடுகிறவனை அதிகம் கொல்கிறதோ, எது எந்தச் சலுகையும் தராமல் கொல்கிறதோ, அது உயர்ந்தது. சுலபமாகத் தாண்டக்கூடியது கலையில் சேர்த்தியில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டோக்கியோவில் 1986-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் ஃப்ரம்சாஃப்ட்வேர். அதில், 2004-ல், 29 வயதில், ஆரக்கிள் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தவர் ஹிடேடகா மியாசாகி. பாதியில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு திட்டத்தை அவர் கையில் எடுத்தார். அது 2009-ல் டீமன்ஸ் சோல்ஸ் ஆக வெளிவந்தது. பிறகு 2011, 2014, 2016-ல் மூன்று டார்க் சோல்ஸ்கள், நடுவில் 2015-ல் ப்ளட்போர்ன், 2019-ல் செகிரோ, 2022-ல் எல்டன் ரிங். இரண்டாவது டார்க் சோல்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இயக்கியதில் அவர் பங்கு இருக்கிறது. செகிரோவை ஒதுக்கி வைத்தால் மற்றவற்றின் விதி ஏறக்குறைய ஒன்றுதான். பாழடைந்த ஓர் உலகத்தில் தனியாக விடப்படுகிறோம். கொன்றவற்றிடமிருந்து ஆன்மாக்கள் சேர்கின்றன. அவைதான் பணம், அவைதான் பலம். செத்தால் சேர்த்ததெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். கடைசியாக இளைப்பாறிய இடத்தில் மறுபடி எழுந்து, கொன்ற எதிரிகள் எல்லாம் திரும்ப உயிரோடு நிற்க, அதே வழியாக நடந்துபோய் அதை எடுக்க வேண்டும். போகும் வழியில் மறுபடி செத்தால் போனது போனதுதான். டார்க் சோல்ஸ்களில் இளைப்பாறும் இடம் ஒரு கணப்பு நெருப்பு, நடுவில் செருகிய வாளோடு.

முதல் டார்க் சோல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 'சாவதற்குத் தயாராகு' என்பதை விளம்பர வாசகமாக வைத்தார்கள். 2012-ல் கம்ப்யூட்டருக்கு வந்த பதிப்புக்கு அதையே பெயராகவும் சூட்டினார்கள். நண்பர் தன்னுடைய விமர்சனக் கொள்கை என்று நம்பிக்கொண்டிருப்பது இந்த விளம்பர வாசகத்தைத்தான். வியாபாரிகள் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பெட்டிக்குள் இருக்கும் பொருளாக எடுத்துக்கொண்டு அதன் மேல் ஒரு அழகியலைக் கட்டியிருக்கிறார்.

2

கடினம் ஒரு மதிப்பு என்றால் டீமன்ஸ் சோல்ஸில் வரும் அஸ்ட்ரேயாவை என்ன செய்வது என்று நண்பர் சொல்லவேண்டும். அவர் குறிப்பில் அஸ்ட்ரேயாவுக்கு ஒரு வாக்கியம் கூட இல்லை. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய கோலில் அவள் அளவுக்கு அகப்படமாட்டாள்.

நோயும் கழிவும் தேங்கிய ஒரு பள்ளத்தாக்கு. அதன் அடிமட்டத்துச் சேற்றில் யாருக்கும் வேண்டாதவர்கள் வந்து சேர்கிறார்கள், பிறக்காமல் கைவிடப்பட்ட சிசுக்கள் உட்பட. அவர்களைக் கரையேற்ற வந்த புனிதப் பெண் அஸ்ட்ரேயா, தன் கடவுள் அவர்களைப் பார்க்கவே இல்லை என்று கண்டபின் அங்கேயே தங்கி, அசுரசக்தியை ஏற்றுக்கொண்டுவிட்டாள். அவளிடம் நாம் வாளோடு வந்து நிற்கிறோம். 'பாஸ்' என்று ஆடுகிறவர்கள் சொல்கிற பெரிய எதிரியின் அறை இது, இசை மாறுகிறது, நாம் தயாராகிறோம். அவள் நம்மைத் தாக்க எழுந்துகூட வருவதில்லை. இங்கே கொள்ளையடிக்க உனக்கு ஒன்றுமில்லை, போய்விடு என்கிறாள். அவளுக்கும் நமக்கும் நடுவில் கார்ல் வின்லண்ட் என்ற ஒரே ஒரு வீரன். அவனைக் கொன்றுவிட்டால் அவள் போராடுவதில்லை. நமக்கு வேண்டிய ஆன்மாவை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தானே உயிரை விட்டுவிடுகிறாள். திரையில் வெற்றி அறிவிப்பு வருகிறது.

இந்த வரிசை முழுவதிலும் இதைவிடச் சுலபமான பாஸ் அதிகம் இல்லை. இதைவிடக் கனமானதும் அதிகம் இல்லை. நான் ஆடியது 2020-ல் ப்ளூபாயின்ட் செய்த மறு ஆக்கத்தில். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ மணி நேரம் வாளை வீசப் பழக்கிவிட்டு, கடைசியில் வீசவே கூடாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அங்கே பழக்கம் தானாக வீசிவிட்டது. முன்னால் பட்ட சிரமமெல்லாம் இந்த ஒரு சுலபத்தை ஒரு குற்றமாக உணரச் செய்வதற்காகத்தான். சிரமத்துக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. அதனுடைய மதிப்பு அது செய்யும் வேலையில் இருக்கிறது.

முதல் டார்க் சோல்ஸில் சிஃப் என்னும் பெரிய சாம்பல் ஓநாயும் இப்படித்தான். இறந்துபோன தன் எஜமானின் கல்லறையைக் காவல் காக்கும் அது, வாயில் கவ்விய பெரிய வாளோடு நம்மை எதிர்க்கிறது. உயிர் குறையக் குறைய நொண்டத் தொடங்குகிறது. வாளைத் தூக்க முடியாமல் தானே தடுமாறி விழுகிறது. ஆட்டம் அந்த நேரத்தில் ஆகச் சுலபமாகிவிடுகிறது. கை மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. அதே விளையாட்டின் கடைசி எதிரியான க்வின் அரசனும் எரிந்து உள்ளே காலியாகிப்போன ஒரு கிழவன்தான். அவனோடு நடக்கும் சண்டைக்கு மொட்டோய் சகுராபா தந்திருப்பது முழக்கமல்ல, ஒரு தனிப் பியானோ. கடினத்தையே வழிபடும் ஒரு மனம் இந்த மூன்றையும் கற்பனை செய்திருக்காது.

3

சரி, கடினம் கோல் இல்லையென்றால் எது என்று நண்பர் கேட்பார். நான் ஸ்தூலமாகவே சொல்கிறேன். சாவு எனக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி. முதல் விளையாட்டுகளில் சாவு ஓர் இடத்தைக் கற்றுக்கொடுத்தது. பிந்தியவற்றில் பெரும்பாலும் ஓர் எதிரியைக் கற்றுக்கொடுக்கிறது. இந்த மாற்றம்தான் இந்த வரிசையின் சரித்திரம். நண்பர் இதை வளர்ச்சி என்கிறார், நான் இதை இழப்பு என்கிறேன்.

2013-ல் என் அக்கா மகன் வேலை கிடைத்து வெளியூர் போனபோது தன் கம்ப்யூட்டரை என் வீட்டில் விட்டுப்போனான். அதில் முதல் டார்க் சோல்ஸ் இருந்தது. நான் அதை ஆடி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. நண்பர் இதைக் கேட்டால் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அதில் இரண்டு மணிகளை அடிக்கவேண்டும். ஒன்று மாதாகோவில் உச்சியில், மற்றது பூமிக்கடியில். முதல் மணியை நோக்கிப் பல நாள் செத்துச் செத்து மேலே ஏறுகிறேன். எங்கேயோ ரொம்ப தூரம் வந்துவிட்டதாக நினைப்பு. மாதாகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு லிஃப்ட். எங்கே போகிறதென்று தெரியாமல் ஏறி நிற்கிறேன். இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. கதவு தாண்டினால் நான் முதல் நாள் கிளம்பிய கணப்பு, ஃபயர்லிங்க். அங்கே அதே மனிதன் அதே அவநம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறான். அத்தனை நாள் நான் தூரம் என்று நினைத்தது உயரமாக இருந்திருக்கிறது. என் ஊரில் முப்பது வருஷம் போன தெருவும் வேறொரு தெருவும் ஒரே வீட்டின் முன்வாசலும் கொல்லையும் என்று ஒருநாள் தெரியவந்தபோது ஏற்பட்ட அதே திடுக்கிடல். வேறெந்த விளையாட்டிலும் எனக்கு அது நேரவில்லை. நாவல்களில் எப்போதாவது நேர்ந்திருக்கிறது.

பிறகு இரண்டாவது மணி. சாக்கடைகளுக்குக் கீழே, அழுகிய மரப்பலகைகளால் கட்டிய ப்ளைட்டவுன் என்ற சேரி. அதற்கும் கீழே விஷச் சதுப்பு. இந்தக் கட்டம்வரை ஒரு கணப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வசதி நமக்குத் தரப்படுவதில்லை. அது பாதி ஆட்டத்துக்குப் பிறகுதான் கிடைக்கும். அதனால் கீழே இறங்கும் ஒவ்வொரு ஏணியிலும், இதை மறுபடி ஏறியாக வேண்டும் என்ற நினைப்பும் கூடவே இறங்குகிறது. மணியை அடித்துவிட்டு, தண்ணீர்ச்சக்கரத்தைப் பிடித்து, ஏணி ஏறி, ஒருவழியாக ஃபயர்லிங்குக்குத் திரும்பி வருகிறேன். நெருப்பு அணைந்து கிடக்கிறது. சிறையில் கிடந்த பொன் கவசக்காரன் ஒருவனை இரக்கப்பட்டு நான்தான் திறந்துவிட்டிருந்தேன். நான் கீழே இருந்த நேரத்தில் அவன் நெருப்பைக் காத்த ஊமைப் பெண்ணைக் கொன்றுவிட்டுப் போயிருக்கிறான். அந்த அணைந்த நெருப்பின் முன்னால் எனக்கு ஏற்பட்டதற்கு நடந்துவந்த தூரம்தான் காரணம். ஒரு பொத்தானை அழுத்திப் பறந்து வந்திருந்தால் அது ஒரு தகவல். ஏறி வந்ததால் அது ஒரு துக்கம்.

இதன் பின்பாதியை நான் வக்காலத்து வாங்கவில்லை. தாவும் வசதி வந்தவுடனேயே உலகம் தளர்ந்துவிடுகிறது. லாஸ்ட் இசலித் என்ற பகுதி அவசரத்தில் செய்த வேலை. ஒரே மிருகத்தின் பாதி உடலை நகலெடுத்து எரிகுழம்பு முழுக்க நட்டிருக்கிறார்கள். இந்தத் தளர்ச்சியே என் கட்சிக்குச் சாட்சி. எதிரிகள் அப்போதும் கடினமாகத்தான் இருந்தார்கள். போனது இடம்.

4

மூன்றாவது டார்க் சோல்ஸை நண்பர் முதிர்ச்சி என்கிறார். கைத்திறன் என்ற அர்த்தத்தில் நானும் ஒப்புக்கொள்கிறேன். அதன் வாள் வீச்சும் வெளிச்சமும் முதலாவதில் இல்லாத நேர்த்தியோடு இருக்கின்றன. ஆனால் அங்கே முதல் கணப்புகளிலிருந்தே தாவிக்கொள்ளலாம். உலகம் ஒரு நீண்ட வழியாக, இங்கொன்றும் அங்கொன்றும் கிளையோடு, முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. நடனக்காரி என்ற எதிரியைக் கொன்ற இடத்தில் ஒரு கணப்பு முளைக்கிறது. அங்கிருந்து ஏணி ஏறினால் உச்சியிலேயே இன்னொன்று. முதலாவதில் கணப்பைக் காண்பது பிழைத்தோம் என்ற உணர்ச்சி. இங்கே அது ரயில் பாதையோரத்துக் கிலோமீட்டர் கல். தூரத்தைச் சுருக்கிய இடத்தில் எதிரியை நீட்டியிருக்கிறார்கள்: செத்தவன் மறுபடி எழுவான், இரண்டாவது முறை புது உருவம், புது வீச்சு. மனப்பாடம் செய்யவேண்டியது வழியாக இருந்தது, அசைவுகளாக மாறிவிட்டது.

பழைய பெயர்கள் வேறு. அதே கொல்லன் ஆண்ட்ரே. அதே வெங்காயக் கவசக்காரனின் மறுபிறவி. பாதிக்கு மேல் போனால் 2011-ல் பார்த்த அதே ஆனோர் லொண்டோ மாளிகை, இருட்டில். ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். தன் பழைய கவிதை வரியையே புதுக் கவிதைக்குள் எடுத்துப்போட்டுக் கைதட்டல் வாங்கும் கவிஞர்களை நமக்குத் தெரியும். அவர்களிடம் நாம் காட்டும் கறாரை இங்கே ஏன் காட்டக்கூடாது?

ஆனால் இங்கே ஒரு நியாயத்தை நான் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் நானும் பட்டியல்காரன்தான். இந்த ஆயாசம் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. மூன்றாவதன் விஷயமே அதுதான்: நெருப்பைத் திரும்பத் திரும்ப மூட்டி மூட்டி உலகம் சாம்பலாகிவிட்டது, இன்னொரு முறை மூட்டுவது யாருக்கும் நல்லதல்ல. 2017-ல் வந்த 'தி ரிங்ட் சிட்டி' என்ற கடைசிப் பகுதி முடிவில்லாத ஒரு சாம்பல் வெளியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே நாம் சண்டையிட்டு எடுப்பது ஒரு சிறுமிக்கு வண்ணம் குழைக்க வேண்டிய இரத்தம். அவள் புதிதாக ஓர் உலகத்தை வரையப்போகிறாள். பழையதை விட்டுவிடச் சொல்லும் ஒரு படைப்பாளி, பழையதை விற்றுக்கொண்டே அதைச் சொல்கிறார். இந்த முரண்பாடு உண்மையானது. பல இடங்களில் அது விளையாட்டை உயர்த்தவும் செய்கிறது. நண்பர் இதைப் பற்றி எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். அவர் எழுதியது எந்த எதிரியை எத்தனையாவது முயற்சியில் கொன்றார் என்ற கணக்கு.

5

இப்போது இரண்டாவது டார்க் சோல்ஸ். இங்கே நண்பரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. 2014-ல் நம் கூட்டம் ஒன்றில் அதைக் குப்பை என்று முதலில் சொன்னவன் நான். வேறு சிலரும் தலையாட்டினார்கள். ஆட்டியவர்களில் ஒருவர் நண்பர்.

நான் அன்று சொன்ன குற்றங்கள் எல்லாம் இன்றும் குற்றங்கள்தான். மியாசாகி ப்ளட்போர்னில் இறங்கிவிட, டொமோஹிரோ ஷிபுயாவும் யுய் டானிமுராவும் இயக்கியது இது. காற்றாலைக் கோபுரம் ஒன்றின் உச்சியில் லிஃப்ட் ஏறி இன்னும் மேலே போனால், எரிகுழம்பில் பாதி மூழ்கிய இரும்புக் கோட்டை வருகிறது. கோபுரத்துக்கு மேல் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதைக் கீழிருந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினோம். நினைவு சிதைந்த உலகம், அதனால்தான் இப்படி என்று இதற்கு ஒரு தத்துவம் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. தச்சன் மூட்டு சேராமல் விட்டதைத் தரிசனம் என்று சொல்லும் ரசிக மனோபாவம் நம் இலக்கியத்தில் செய்த கேடு போதும். இடம் என்ற என் கோலில் இது தோற்ற படைப்புதான்.

ஆனாலும் ஒவ்வொரு சாவும் அங்கே நம்மிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. செத்து எழும் ஒவ்வொரு முறையும் உயிரின் மொத்த அளவே குறைகிறது, பாதிவரை. தோற்றவனை மேலும் தண்டிக்கும் அநியாயம் என்று அன்று கத்தினேன். 2018 கடைசியில் என் இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுத்தம் என்று டாக்டர் சொன்னார். கட்டைவிரல்கள் மரத்துப்போகும், வேண்டும்போது அசையாது. ஒரு வருஷம் கழித்து இதை மறுபடி ஆடியபோது, குறைந்துகொண்டே போகும் அந்தச் சிவப்புக் கோட்டை நான் வேறு மாதிரிப் பார்த்தேன். அது தண்டனையாகத் தெரியவில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு நடக்கவேண்டிய ஒரு நிலைமையாகத் தெரிந்தது.

இன்னொரு விதியும் அதில் இருக்கிறது. ஓர் எதிரியை ஒரு டஜன் முறை கொன்றுவிட்டால் அது பிறகு எழுவதில்லை. திறமை இல்லாதவனுக்குச் சலுகை என்று நண்பர் இதைக் கேலி செய்கிறார். அவர் திறமைசாலி, பன்னிரண்டு முறை அந்த வழியில் போயிருக்கமாட்டார். நான் போயிருக்கிறேன். நாளுக்கு நாள் வழி காலியாகிறது. முதலில் ஒரு காவல்காரன் இல்லை, பிறகு வில்லாளி இல்லை, பிறகு யாருமே இல்லை. பயந்து பயந்து போன பாதையில் என் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. என் இயலாமையே அந்த ஊரைக் காலி செய்துவிட்டது. சலுகை என்று பெயர் வைத்துத் தள்ளக்கூடிய அனுபவமா இது?

அந்த உலகத்தில் லூக்கட்டியேல் என்றொரு பெண் வீராங்கனை நாலைந்து இடங்களில் எதிர்ப்படுகிறாள். ஒவ்வொரு சந்திப்பிலும் அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் கழன்றிருக்கிறது. கடைசியில் தன் பெயரைச் சொல்லி, அதை நினைவில் வைத்துக்கொள், எனக்கே மறந்துபோகலாம் என்று கேட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான் அவள் கதை. வென்ட்ரிக் என்ற மாமன்னனைத் தேடி வெகுதூரம் போனால், நிலத்தடிக் கல்லறையில் உடையைக் களைந்துபோட்டுவிட்டு, வாளை இழுத்துக்கொண்டு, ஒரு வட்டத்தில் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டிருக்கிறான். நம்மை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவன் கழற்றிப்போட்ட துணிகளிடையே இருக்கும் மோதிரத்தை எடுத்துக்கொண்டு, அவனைத் தொடாமலே திரும்பிவிடலாம். நான் திரும்பிவிட்டேன். நண்பர் அவனைக் கொன்றதாகவும், ரொம்பச் சிரமமாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

கட்டுமானத்தில் தோற்றும், மனிதர்களில் வென்றும் நிற்கிற படைப்புகள் உண்டு. அவற்றைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவதற்கு முன் அவற்றோடு கொஞ்சம் இருக்கவேண்டும். 2014-ல் நான் இருக்கவில்லை.

6

ப்ளட்போர்னை நான் பாதிதான் ஆடியிருக்கிறேன். அதைப் பற்றிப் பேசமாட்டேன். செகிரோவை ஆடப் பார்த்தேன். ஆஷினா கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோ என்ற எதிரியின் முன் மூன்று மாதம் நின்று, விட்டுவிட்டேன். வாளோடு வாள் மோதும் அந்தக் கணத்தில் விரல் அசைந்தாக வேண்டும். அதைத் தவிர அங்கே வேறு வழி இல்லை. முன்னதிலெல்லாம் கேடயத்தின் பின்னால் ஒளியலாம், எட்ட நின்று மந்திரம் எறியலாம், வேறு பக்கம் போய்ப் பலம் சேர்த்து வரலாம், யாரையாவது உதவிக்கு அழைக்கலாம். செகிரோ எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தது.

அதன் உரிமையை நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு ராகத்தை மட்டும் பாடும் உரிமை பாடகருக்கு உண்டு. அதில் நாம் செத்துச் செத்துப் பிழைக்கும்போது தெரிந்த மனிதர்களெல்லாம் இருமத் தொடங்குகிறார்கள். நம் பிடிவாதத்தின் விலையை இன்னொருவர் கட்டுகிறார் என்ற அந்தக் கற்பனை அசாதாரணமானது. நண்பர் அதைப் பற்றியும் எழுதவில்லை. நான் ஆடமுடியாமல் விட்டதைச் சொன்னபோது, 'அப்படியானால் அது உங்களுக்கானதில்லை, சார்' என்றார். குறிப்பிலும் அதே கருத்தைப் பொதுவாக்கி, தகுதியில்லாதவர்களை வெளியே நிறுத்துவதே இந்தக் கலையின் கௌரவம் என்று எழுதியிருக்கிறார். 2019-ல் செகிரோ வந்தபோது, சுலப முறை ஒன்று வேண்டுமா கூடாதா என்று பெரிய சர்ச்சை நடந்தது. கை சரியில்லாதவர்களும் கண் சரியில்லாதவர்களும் அதில் பேசினார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட பதிலும் இதுவேதான்.

இந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. ஏனென்றால் இதை நானே சொல்லியிருக்கிறேன், கவிதை விஷயத்தில். நம் பத்திரிகையில் வந்த கவிதை புரியவில்லை என்று எழுதிய வாசகர்களுக்கு, உங்களுக்கானதில்லை என்று இரண்டு வரியில் பதில் போட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட மறுபடி எழுதவில்லை. அந்தக் கவிதைகளில் சில உண்மையிலேயே கடினமான இடத்துக்குப் போயின. சில வெறுமனே கடினமாக இருந்தன. வித்தியாசத்தைச் சொல்லும் சிரமத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாசகனை வெளியே நிறுத்துவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

மியாசாகி ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். பனி பெய்த ஒரு மலைச்சரிவில் கார்கள் ஏறமுடியாமல் வழுக்கி நின்றன. பின்னால் நின்ற கார் முன்னால் நின்றதைத் தள்ளிக்கொடுத்தது. அப்படி ஒவ்வொன்றாக மேலே ஏறின. இவருடைய காரும் ஏறிவிட்டது. தள்ளியவருக்கு நன்றி சொல்ல நிற்க முடியாது, நின்றால் மறுபடி மாட்டிக்கொள்ளும். முகம் தெரியாத ஆட்டக்காரர்கள் ஒருவர் உலகத்தில் இன்னொருவர் சற்றுநேரம் தோன்றி உதவிவிட்டு மறைந்துபோகும் ஏற்பாடு இதிலிருந்துதான் வந்தது. சரிவு செங்குத்தாக இருப்பதன் பயன் இங்கே என்ன? பின்னால் இருப்பவன் கை நீட்டவேண்டி வருகிறது. நண்பரின் அழகியலில் முன்னால் ஏறிவிட்டவன் உச்சியில் நின்று கீழே இருப்பவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

எல்டன் ரிங் பற்றி இரண்டு வார்த்தை. அது பல கதவுகளை மறுபடி திறந்தது. 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதால் மட்டும் அது தாழ்ந்ததாகிவிடாது. நண்பர் அப்படிக் கோடி காட்டுகிறார். சியோஃப்ரா என்ற கிணற்று லிஃப்டில் இறங்கிக்கொண்டே போய், பூமிக்கடியில் நட்சத்திரங்கள் நிறைந்த ஒரு வானத்தைப் பார்த்தபோது, 2013-ன் அந்தத் திடுக்கிடல் எனக்கு ஒருமுறை திரும்பி வந்தது. ஆனால் குதிரையும் வரைபடமும் கையில் இருக்கும்போது தூரம் தோலில் படுவதில்லை. மலேனியா போன்ற எதிரிகளிடம் பழைய நோய் முற்றியிருக்கிறது. அவள் நம்மை அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் தன் காயத்தை ஆற்றிக்கொள்கிறாள். அவளைத் தாண்டமுடியாமல் கிடந்தவர்களுக்கு, தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு, கவசமில்லாமல், இடுப்புத் துணியோடு ஓர் ஆட்டக்காரர் வந்து, நீங்கள் ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லித் தனியாகச் சண்டையிட்டுக் கொடுத்தார், நூற்றுக்கணக்கான பேருக்கு. அந்த வருஷத்தில் அந்த விளையாட்டில் நடந்த நல்ல காரியம் அதுவென்பேன். மலைச்சரிவில் காரைத் தள்ளியவரின் வாரிசு அவர்.

2025-ல் வந்த நைட்ரெய்னில் மூன்று பேர் சேர்ந்து ஓடுகிறார்கள். இரவு ஒரு வட்டமாக நாலா பக்கத்திலிருந்தும் சுருங்கி வர, நிற்க நேரமில்லாமல் கண்ணில் பட்டதை அள்ளிக்கொண்டு கடைசி எதிரியிடம் போய்ச் சேரவேண்டும். கூட்டாளிகள் இருக்கிறார்கள், அது நல்லது. இடம் என்ற ஒன்று அங்கே இல்லை. நண்பர் வளர்ச்சி என்று சொல்லும் கோட்டை முடிவுவரை இழுத்தால் இங்கேதான் வந்து நிற்கும்.

நண்பர் பதில் எழுதுவார் என்று தெரியும், எழுதவேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு முன், அவர் கையை எடுக்காமல் ஓட்டித் தாண்டிவந்த அந்தச் சதுப்புக்கு ஒருமுறை திரும்பிப் போகட்டும். அஸ்ட்ரேயாவை எத்தனை அடியில் கொன்றார் என்பது எனக்கு வேண்டாம். கொன்றபின் அந்தச் சேற்றில் எவ்வளவு நேரம் நின்றார் என்று எழுதட்டும்.